ஆபீஸ் நெட்வொர்க்கில் ஃபைல்களைக் காப்பாற்றுவது எப்படி? சேலத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலத்தில் ஜவ்வரிசி ஆலை, வெள்ளிக் கொலுசுப் பட்டறை, ஜவுளி ஏற்றுமதி ஆபீஸ், மலைமேல் ஏற்காட்டில் காப்பித் தோட்டம் என்று பல இடங்களுக்கு நெட்வொர்க் வேலை செய்துவருகிறேன். போகிற இடமெல்லாம் ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். அவற்றுக்கு நான் சொல்லும் பதில்களை இங்கே எழுதிவைக்கிறேன். எந்த ஆபீஸுக்குப் போனாலும் நான் முதலில் பார்ப்பது ஒன்றுதான்: ஃபைலை வைத்தவர் ஊரில் இல்லாத நாளில், வேறொருவர் வேறொரு கம்ப்யூட்டரில் உட்கார்ந்து அதைத் தேடி எடுத்துத் திறக்க முடிகிறதா? முடிந்தால் அந்த ஃபைல் பத்திரமாக இருக்கிறது என்று ஒப்புக்கொள்வேன்.

எங்களிடம் எட்டு கம்ப்யூட்டர்தான். இதற்கெல்லாம் சர்வர் தேவையா?

பெரிய சர்வர் தேவையில்லை. ஃபைல்கள் குடியிருக்க ஒரே இடம் தேவை. சிறு ஆபீஸ்களில் பெரும்பாலும் கணக்குப் பார்ப்பவரின் கம்ப்யூட்டரில் ஒரு டிரைவை ஷேர் போட்டு, எல்லோரும் அதிலேயே வேலை செய்கிறார்கள். அவர் சாயங்காலம் ஆறு மணிக்கு மெஷினை அணைத்துவிட்டுப் பஸ் பிடிக்கப் போனால், டிஸ்பாட்ச் பக்கம் ஒரு பில்லும் திறக்காது. அவர் மெஷினில் வைரஸ் வந்தால் ஆபீஸுக்கே வந்த மாதிரி.

இரண்டு ஹார்டு டிஸ்க் போடும் நாஸ் பெட்டி (நெட்வொர்க்கில் எல்லோரும் ஃபைல் வைக்கும் பெட்டி) ஒன்று, அதற்கென்று தனியாக ஒரு யூபிஎஸ், கிகாபிட் ஸ்விட்ச் ஒன்று. எட்டுப் பேருக்கு இது தாராளம். ஸ்விட்சில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். பழைய 100 எம்பிபிஎஸ் (மெகாபிட், எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட்) ஸ்விட்சில் நொடிக்கு 11, 12 எம்பி, அதாவது மெகாபைட்தான் போகும். கிகாபிட்டில் 100 எம்பியைத் தாண்டும். "சர்வர் ரொம்ப ஸ்லோ" என்று கூப்பிட்டுப் போன பல இடங்களில், மேஜைக்கு அடியில் தூசி படிந்து கிடந்த பழைய ஸ்விட்சை மாற்றியதோடு புகார் தீர்ந்துவிட்டது.

பெட்டியைத் தரையில் வைக்காதீர்கள். திருமணிமுத்தாற்றை ஒட்டிய தாழ்வான தெருக்களில் கனமழை பெய்தால் தண்ணீர் உள்ளேயே வந்துவிடும். இடுப்பு உயரத்துக்கு ஒரு ஸ்டாண்டு அடித்து அதன்மேல் வையுங்கள்.

ஃபோல்டர்களை ஆள் பெயரில் பிரிப்பதா, வேலை பெயரில் பிரிப்பதா?

வேலை பெயரில்தான். ஆள் மாறுவார், கொட்டேஷன், பர்ச்சேஸ், டிசைன், சம்பளம் என்ற வேலைகள் மாறாது.

ஒரு ஜவுளி ஆபீஸில் பார்த்ததைச் சொல்கிறேன். ஷேரைத் திறந்தால் "அக்கா", "அக்கா பழசு", "புது ஃபோல்டர் 3", "சார் கேட்டது" என்று வரிசையாக இருக்கும். அந்த அக்கா கல்யாணமாகிப் போய் நான்கு வருடம் ஆகிவிட்டது. வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒருவர் பழைய ஆர்டர் ஒன்றைக் காட்டி, "அதே துண்டு மறுபடி வேண்டும்" என்றார். டிசைன், நூல் நம்பர், சாயக் கணக்கு, கொடுத்த விலை எல்லாமே அந்த ஃபோல்டர்களுக்குள்தான் இருந்தன, எங்கோ. இரண்டு நாள் மூன்று பேர் தேடினார்கள். கடைசியில் அக்காவுக்கே போன் போட்டார்கள். கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, "புது ஃபோல்டர் 3-க்குள்ளே இன்னொரு புது ஃபோல்டர் இருக்கும், அதுல பாருங்க" என்று நினைவிலிருந்து சொன்னார். அவர் நினைவு நன்றாக இருந்ததால் ஆர்டர் கைக்கு வந்தது. இது நடந்த பிறகுதான் அங்கே ஃபோல்டர்களைப் பிரித்து அடுக்க எனக்கு அனுமதி கிடைத்தது.

மேல்மட்டத்தில் ஆறேழு ஃபோல்டருக்கு மேல் வேண்டாம். அதற்குள் ஆண்டு, அதற்குள் வாடிக்கையாளர் அல்லது வேலை. மூன்று கதவுக்குமேல் திறக்க வைத்தால் ஆட்கள் டெஸ்க்டாப்பிலேயே சேமிக்க ஆரம்பித்துவிடுவார்கள், அது பேக்கப்பில் வராது. விண்டோஸில் ஃபோல்டர் பெயர்களும் ஃபைல் பெயரும் சேர்ந்து 260 எழுத்தைத் தாண்டினால் பல மென்பொருள்கள் அந்த ஃபைலைத் திறக்க மறுக்கும். நகல் எடுக்கும்போது விட்டுவிடவும் செய்யும்.

ஃபைல் பெயரில் தேதியை ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் முதலில் போடுங்கள். "2024-06-18 கொட்டேஷன் ஜவ்வரிசி 02" என்றால் பெயர் வரிசையே தேதி வரிசையாகிவிடும். "ஃபைனல்", "ஃபைனல் புதுசு", "இதுதான் ஃபைனல்" எல்லாம் வேண்டாம். 01, 02, 03 போதும்.

யாருக்கு எதைத் திறக்க அனுமதி கொடுப்பது?

ஆளுக்கு ஆள் கொடுக்காமல் குழுவுக்குக் கொடுங்கள். அக்கவுண்ட்ஸ், ஸ்டோர்ஸ், டிசைன் என்று குழு வைத்து, ஆளை அந்தக் குழுவில் சேருங்கள். வேலையை விட்டால் குழுவிலிருந்து எடுத்தால் சரி. ஒருவர் நின்ற அன்றைக்கே அவர் லாகினை முடக்குங்கள், ஆனால் அழித்துவிடாதீர்கள். அவர் வைத்திருந்ததை எல்லாம் உரிய ஃபோல்டருக்கு மாற்றி முடிக்க ஒரு மாதமாவது ஆகும்.

எல்லோருக்கும் ஒரே லாகின் என்பதை மட்டும் நான் ஒத்துக்கொள்வதே இல்லை. முக்கியமான ஃபைல் ஒன்று அழிந்தால் யார் மேலும் சந்தேகம் விழும். பல வருடம் உழைத்தவர்கள் மேல் அப்படிச் சந்தேகம் விழுந்ததைப் பார்த்திருக்கிறேன். ஆளுக்கொரு லாகின் இருந்திருந்தால் அந்தப் பேச்சே வந்திருக்காது.

டேலி டேட்டாவை நாங்களே காப்பி எடுத்து வைக்கலாமா?

வைக்கலாம். ஆனால் கணக்கு மென்பொருளான டேலி திறந்திருக்கும்போது ஃபோல்டரை அப்படியே நகல் எடுத்தால் அது பாதி எழுதிய நிலையில் வந்து, பிறகு திறக்காமல் போகலாம். எல்லா மெஷினிலும் டேலியில் திறந்திருக்கும் கம்பெனிக் கணக்கை மூடச் சொல்லுங்கள், அல்லது டேலிக்குள்ளேயே உள்ள பேக்கப் வசதியைப் பயன்படுத்துங்கள்.

இன்னொன்று. டேலி கம்பெனி ஃபோல்டர்களுக்குப் பெயர் வெறும் எண்ணாகத்தான் இருக்கும், 10000, 10001 என்று. டிஸ்கில் இடம் பிடிக்கிறதே என்று யாராவது நல்லெண்ணத்தில் "இது என்ன நம்பர்?" என்று அழித்துவிடுவார்கள். எந்த எண் எந்தக் கம்பெனி என்று ஒரு தாளில் எழுதி மானிட்டருக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள்.

இரண்டு டிஸ்கிலும் ஒரே நேரத்தில் எழுதும்படி மிரர் போட்டிருக்கிறோம். அதுவே பேக்கப்தானே?

இல்லை. ஒரு டிஸ்க் செத்தால் வேலை நிற்காமல் ஓட மிரர் உதவும். நீங்கள் ஒரு ஃபைலை அழித்தால் இரண்டிலும் அதே நொடியில் அழியும். தப்பான கணக்கைச் சேமித்தால் இரண்டிலும் தப்பு.

தினம் ராத்திரி ஒரு டிஸ்கிலிருந்து இன்னொன்றுக்கு விண்டோஸின் நகல் கட்டளையான ரோபோகாப்பியை ஓடவிடுபவர்களுக்கும் இது பொருந்தும். அதில் மிரர் என்றொரு தேர்வு உண்டு. மூலத்தில் இல்லாததை எல்லாம் நகலிலும் அழித்துவிடும். யாரோ ஒரு ஃபோல்டரைக் காலி செய்திருந்தால், காலையில் பேக்கப்பும் சுத்தமாகக் காலியாக இருக்கும். பழைய பதிப்புகளையும் சேர்த்து வைக்கும் முறைதான் பேக்கப். நாஸ் பெட்டிகள் பலவற்றில் ஸ்னாப்ஷாட் வசதி, அதாவது அந்த நேரத்து ஃபைல் நிலையை அப்படியே பதிந்து வைப்பது, இருக்கிறது. தினசரி ஒன்று என்று ஒரு மாதத்துக்கும், மாதம் ஒன்று என்று ஒரு வருடத்துக்கும் வைத்தால் நல்லது.

அப்படியானால் எத்தனை நகல்தான் வேண்டும்?

3-2-1 என்று ஒரு கணக்கு உண்டு. பீட்டர் க்ரோ என்ற புகைப்படக்காரர் பரவலாக்கியது. மூன்று நகல், இரண்டு வகைச் சாதனத்தில், அதில் ஒன்று வேறு இடத்தில். படம் எடுப்பவருக்காகச் சொன்னது நம் ஆலைக்கும் அப்படியே பொருந்துகிறது.

வேலை நடக்கும் நாஸ் முதல் நகல். கழற்றி வைக்கும் யூஎஸ்பி ஹார்டு டிஸ்க் இரண்டாவது. மூன்றாவது ஊரின் வேறு மூலையில் அல்லது கிளவுடில். செவ்வாய்ப்பேட்டையில் பட்டறை, அஸ்தம்பட்டியில் வீடு என்றால் ஒரு டிஸ்க் வீட்டு பீரோவில் இருக்கட்டும். இரண்டு டிஸ்க் வாங்கி மாற்றி மாற்றி எடுத்துப் போங்கள். நான் எல்லோரிடமும் சொல்வது, சனிக்கிழமை கூலி போடும் நாளில் டிஸ்கை மாற்றுங்கள் என்று. கூலி போடுவதை எவரும் மறக்கமாட்டார்கள், அதோடு சேர்த்தால் டிஸ்கும் மறக்காது.

கிளவுட் நல்லதுதான், முதல் முறை ஏற்றுவதற்கு மட்டும் பொறுமை வேண்டும். ஏற்றும் வேகம் 20 எம்பிபிஎஸ் என்றால் ஒரு டெராபைட் ஏற நாலரை நாளுக்கு மேல் ஆகும், இடையில் நெட் அறுந்துபோகாமல் இருந்தால். அதே ஒரு டெராபைட்டை ஆபீஸுக்குள் கிகாபிட் ஒயரில் இரண்டரை மணி நேரத்தில் நகர்த்திவிடலாம். திருப்பி இறக்கவும் நாள் கணக்காகும் என்பதால்தான் கையில் ஒரு டிஸ்க் கட்டாயம் என்கிறேன். அப்புறம், கம்ப்யூட்டரோடு சிங்க் ஆகும் ஃபோல்டரை மட்டும் நம்பாதீர்கள். இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். கூகுள் டிரைவ் குப்பைத்தொட்டியில் போட்டது 30 நாளில் அங்கிருந்தும் போய்விடும்.

மலையில் இடி இடித்தால் எங்கள் தோட்டத்து ஆபீஸில் எதாவது ஒன்று போய்விடுகிறது. என்ன செய்வது?

இந்தக் கேள்வி ஏற்காட்டிலிருந்து ஏப்ரல், மே மாதங்களில் தவறாமல் வரும். கோடை மழையோடு வரும் இடி அப்படி.

ஒரு தோட்டத்தில் ஆபீஸிலிருந்து காப்பி பல்பர் ஓடும் கொட்டகைக்கு நெட்வொர்க் ஒயரை சில்வர் ஓக் மரங்கள் வழியாக இழுத்துக் கட்டியிருந்தார்கள். மிளகுக்கொடியோடு கொடியாக அதுவும் மரத்தில் ஏறிப் போய்க்கொண்டிருந்தது. இடி விழுந்த மறுநாள் இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறிப் போய்ப் பார்த்தேன். இடி ஒயர் மேலேயே விழவில்லை, பக்கத்தில் எங்கோ விழுந்திருக்கிறது. ஸ்விட்சில் அந்த ஒயர் செருகியிருந்த துளை மட்டும் ஓரம் கறுத்து, மூடியைத் திறந்ததும் கருகிய வாடை. அதே ஸ்விட்சில் மாட்டியிருந்த நாஸும் உயிர்விட்டது. யூபிஎஸ் நன்றாகத்தான் இருந்தது. மின்னல் கரண்டு ஒயரில் வராமல் நெட்வொர்க் ஒயரில் வந்தபோது பாவம் அது என்ன செய்யும்? நல்லவேளை, முந்தைய வார நகல் சேலத்து வீட்டில் இருந்தது. ஆறு நாள் எடை சீட்டுகளை மட்டும் நோட்டைப் பார்த்து மறுபடி ஏற்றினார்கள்.

ஆகவே ஒரு கட்டடத்திலிருந்து இன்னொரு கட்டடத்துக்குச் செப்பு ஒயர் இழுக்காதீர்கள். ஃபைபர் போடுங்கள். கண்ணாடி இழையில் மின்சாரம் பாயாது. வாங்கும்போது உள்ளே இரும்புக் கம்பி இல்லாத ரகமாகப் பார்த்து வாங்குங்கள். செப்பு ஒயருக்கு 100 மீட்டர்தான் எல்லை; ஃபைபருக்குத் தோட்டத்துத் தூரமெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. கட்டடத்துக்கு எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்து அளந்து பாருங்கள். மலையில் ஒரு நகல், அடிவாரத்தில் ஒரு நகல் என்பதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். மலை ஈரத்துக்கு டிஸ்கை காற்றுப்புகாத டப்பாவில், சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள்.

எல்லா ஃபைலையும் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸ் எங்களைப் போன்ற சின்ன ஆபீஸுக்கும் வருமா?

வரும். அது ஆபீஸின் அளவைப் பார்ப்பதில்லை, திறந்த கதவைப் பார்க்கிறது. 2017 மே 12 அன்று வன்னாக்ரை என்ற அப்படியொரு வைரஸ் உலகமெங்கும் பரவியது. விண்டோஸில் ஃபைல் ஷேரிங்குக்குப் பயன்பட்ட எஸ்எம்பி முதல் பதிப்பில் இருந்த ஓட்டை வழியாகப் போனது. அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் அந்த மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது. இரண்டு மாத அவகாசம் இருந்தும் போடாதவர்கள் மாட்டினார்கள்.

இன்றைக்கும் பழைய ஜெராக்ஸ் மெஷினிலிருந்து ஸ்கேன் வர வேண்டும் என்பதற்காக அதே முதல் பதிப்பைத் திறந்துவிடுகிறார்கள். தயவுசெய்து மூடுங்கள். ஸ்கேனை மெயிலுக்கோ பென் டிரைவுக்கோ அனுப்பிக்கொள்ளலாம். விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14 உடன் வழக்கமான அப்டேட்டுகள் நின்றுவிட்டன, அந்த மெஷின்களை மாற்றத் திட்டம் போடுங்கள்.

பேக்கப் டிஸ்க் எப்போதும் மாட்டியே இருந்தால் வைரஸ் அதையும் பூட்டும். கழற்றி வைத்த டிஸ்கைத் தொட முடியாது. பேக்கப் எடுக்கும் லாகின் வேறாக இருக்கட்டும், ஊழியர் யாருடைய லாகினுக்கும் அங்கே எழுதும் அனுமதி கூடாது. மாட்டிக்கொண்டால் முதலில் நெட்வொர்க் ஒயரைப் பிடுங்குங்கள். மத்திய அரசின் கம்ப்யூட்டர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்கு, தெரியவந்த ஆறு மணி நேரத்துக்குள் தகவல் சொல்ல வேண்டும் என்பது 2022 ஏப்ரல் 28 தேதியிட்ட உத்தரவு.

ஷேரில் ஒரு ஃபைலை அழித்துவிட்டோம். ரீசைக்கிள் பின்னில் இல்லையே?

இருக்காது. நெட்வொர்க் ஷேரில் அழித்தது உங்கள் மெஷினின் ரீசைக்கிள் பின்னுக்கு வராது. நாஸில் தனியாக அந்த வசதியை இயக்கியிருந்தால் அங்கே கிடைக்கும், இல்லையென்றால் ஸ்னாப்ஷாட்டிலோ பேக்கப்பிலோ தேட வேண்டும்.

எத்தனை வருடம் வைத்திருக்க வேண்டும்?

ஜிஎஸ்டி கணக்குகளை, அந்த ஆண்டின் வருடாந்தர ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதம். கம்பெனியாகப் பதிவு செய்திருந்தால் 2013 கம்பெனிச் சட்டம் 128ஆம் பிரிவுப்படி எட்டு நிதியாண்டு. கணக்கு கம்ப்யூட்டரில் இருந்தால் அதன் பேக்கப் இந்தியாவில் உள்ள சர்வரில், தினந்தோறும் எடுக்கப்பட வேண்டும் என்று 2022இல் விதியைத் திருத்தினார்கள். 2023 ஏப்ரல் 1 முதல் யார் எப்போது எதைத் திருத்தினார் என்ற தடமும் கணக்கு மென்பொருளில் இருக்க வேண்டும். உங்கள் ஆடிட்டரிடம் உட்கார்ந்து ஒரு பட்டியல் போட்டுக்கொள்ளுங்கள்.

சட்டம் கேட்பது அவ்வளவுதான். ஆனால் டிசைன் ஃபைல், அச்சு வரைபடம், வாடிக்கையாளருக்குக் கொடுத்த கலர் கணக்கு இவற்றை எப்போதுமே அழிக்க வேண்டாம் என்பேன். அவற்றின் அளவு சின்னது, தொலைந்தால் திரும்பாது.

பழைய தமிழ்க் கடிதங்களைத் திறந்தால் ஆங்கில எழுத்தாகக் கொட்டுகிறது. கெட்டுப்போய்விட்டதா?

கெடவில்லை. பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்திருப்பீர்கள். அவை ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவத்தை வைத்தவை. அந்த ஃபான்ட் இல்லாத மெஷினில் உள்ளே இருக்கும் ஆங்கில எழுத்து வெளியே தெரிகிறது. பழைய மெஷினைக் காயலான் கடைக்குப் போடுமுன் அதிலிருக்கும் ஃபான்ட் ஃபைல்களை எடுத்து, ஆவணங்களோடு ஒரே ஃபோல்டரில் வையுங்கள். பிறகு எல்லா மெஷினிலும் தமிழாகவே தெரியும் பொதுக் குறியீடான யூனிகோடுக்கு மாற்றுங்கள், இதற்கு இலவச மாற்றிகள் இருக்கின்றன. தமிழ் 1991இல் யூனிகோடின் முதல் பதிப்பிலேயே இடம்பெற்றது; 2010இல் தமிழ்நாடு அரசும் அதை ஏற்று ஆணையிட்டது.

பிடிஎஃப் ஆக்கிவிட்டால் போதுமா என்று கேட்பார்கள். பார்க்க அழகாக இருக்கும், ஆனால் "குத்தகை" என்று தேடினால் கிடைக்காது. உள்ளே இன்னும் ஆங்கில எழுத்துதான். யூனிகோடுக்கு மாற்றிவிட்டுப் பிடிஎஃப் ஆக்குங்கள். மூன்று தலைமுறையாகக் கைமாறிவந்த ஒரு தோட்டத்தின் கடிதங்களை இப்படி மாற்றியபோது, அந்த வீட்டுப் பெரியம்மா தன் மாமனார் அடிக்க வைத்த கடிதத்தைத் திரையில் படித்தார். எனக்கு இந்த வேலையில் மறக்க முடியாத நாள் அது.

ஆர்டர், டிசைன் எல்லாம் வாட்ஸப்பில்தான் வருகிறது. அங்கேயே இருக்கட்டுமா?

வேண்டாம். அது அந்த ஊழியரின் போனில் இருக்கிறது, உங்கள் ஆபீஸில் இல்லை. படமாக அனுப்பினால் அளவு சுருங்கி வரும், கொலுசின் சலங்கை வேலைப்பாடு மங்கிவிடும். டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள். வந்ததை அன்றைக்கே வாடிக்கையாளரின் ஃபோல்டரில் போடும் பொறுப்பை ஒருவருக்குக் கொடுங்கள்.

பழைய டிஸ்கிலிருந்து புதியதற்கு மாற்றினோம். எல்லாம் சரியாக வந்ததா என்று எப்படித் தெரியும்?

வெள்ளிக் கட்டியைப் பட்டறைக்குக் கொடுக்கும்போதும் கொலுசாகத் திரும்பும்போதும் எடை போடுகிறோம் இல்லையா? ஃபைலுக்கும் அப்படி ஓர் எடை உண்டு, ஷா-256 என்று பெயர். ஃபைலில் ஓர் எழுத்து மாறினாலும் அந்த எண் முழுக்க மாறிவிடும். மாற்றும் முன் எடுத்த எண்ணும் பின் எடுத்த எண்ணும் ஒன்றாக இருந்தால் நகல் சரி. விண்டோஸிலேயே செர்ட்யூட்டில் என்ற கட்டளை இதைச் செய்யும்.

டிஸ்கை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள். எஸ்எஸ்டி, பென் டிரைவை மட்டும் வருடக்கணக்கில் பூட்டி வைக்கப் பயன்படுத்தாதீர்கள். மின்சாரம் இல்லாமல் கிடந்தால் அதில் உள்ளது மங்கிப்போகும்.

பேக்கப் தினமும் ஓடுகிறது, பச்சை டிக் வருகிறது. அப்புறம் என்ன கவலை?

ஓடியது என்றுதான் பச்சை டிக் சொல்கிறது. திறக்கும் என்று சொல்லவில்லை. ஒரு ஜவ்வரிசி ஆலையில் பதினொரு மாதம் டிக் வந்துகொண்டே இருந்தது. அது நகல் எடுத்ததோ, ஆபீஸ் மாறியபோது காலியாகிப்போன பழைய ஃபோல்டரை.

மாதம் ஒருமுறை மூன்று ஃபைலைத் தேர்ந்தெடுங்கள்: ஒன்று நேற்றையது, ஒன்று போன வருடத்தது, ஒன்று மிகப் பழையது. பேக்கப்பிலிருந்து வேறொரு கம்ப்யூட்டருக்கு இறக்கித் திறந்து பாருங்கள். இதைப் பேக்கப் எடுப்பவர் செய்யக் கூடாது, வேறொருவர் செய்ய வேண்டும். அம்மாபேட்டையில் ஓர் ஆபீஸில் கணக்குப் பார்க்கும் அம்மா இதற்கென்று நாற்பது பக்க நோட்டு ஒன்று போட்டிருக்கிறார். தேதி, ஃபைல் பெயர், திறந்ததா, எத்தனை நிமிடம், கையெழுத்து. ஒரு மாதம் "திறக்கவில்லை" என்று சிவப்பு மையில் எழுதியிருந்தார். அன்றைக்கே கூப்பிட்டார்கள். டிஸ்கில் ஒரு பகுதி கெட ஆரம்பித்திருந்தது. மாற்றினோம், ஒன்றும் போகவில்லை.

கம்ப்யூட்டர் பார்க்கும் ஆள் திடீரென்று வரவில்லை என்றால்?

நாஸ் பாஸ்வேர்டு, ரவுட்டர் பாஸ்வேர்டு, கிளவுட் லாகின், பேக்கப்பைப் பூட்டிய சாவிச்சொல், டிஸ்கைப் பூட்டும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கர் போட்டிருந்தால் அதன் 48 இலக்க மீட்பு எண் எல்லாவற்றையும் தாளில் அச்சடித்துக் கவரில் போட்டு ஒட்டி, மேலே கையெழுத்துப் போடுங்கள். ஒரு கவர் முதலாளி வீட்டு பீரோவில், இன்னொன்று பேங்க் லாக்கரில். பாஸ்வேர்டு மாற்றினால் கவரையும் மாற்ற வேண்டும். வருடத்துக்கு ஒருமுறை, ஆயுத பூஜைக்கு மெஷின்களைத் துடைக்கும் நாளில், அந்தக் கவரைப் பிரித்து முதலாளியோ அவர் வீட்டில் ஒருவரோ நாஸுக்குள் நுழைந்து பார்க்கட்டும். நான் பக்கத்தில் நிற்பேன், கீபோர்டைத் தொடமாட்டேன்.